முக்கோணத்தின் பக்க அளவுகள்: கணக்கு சறுக்கும் இடங்கள்

முக்கோணத்தில் எந்த இரண்டு பக்கங்களைக் கூட்டினாலும் மூன்றாவது பக்கத்தைவிட அதிகமாக வர வேண்டும். விதி எல்லோருக்கும் மனப்பாடம். பிழை வருவது அதைப் பயன்படுத்தும்போதுதான்.

முதல் பிழை, ஏதோ ஒரு ஜோடியை மட்டும் கூட்டிப் பார்ப்பது. 3, 6, 10 என்று கொடுத்தால் 10 + 3 = 13, அது 6-ஐவிடப் பெரியது, ஆகவே முக்கோணம் உண்டு என்று எழுதிவிடுகிறார்கள். பெரிய பக்கத்தை எதனோடு கூட்டினாலும் விடை பெரிதாகத்தான் வரும்; அதனால் எதுவும் உறுதியாகாது. சிறிய இரண்டையும் கூட்டுங்கள்: 3 + 6 = 9. அது 10-ஐ எட்டவில்லை, முக்கோணம் இல்லை. அளவுகள் எண்களாக இருந்தால் இந்த ஒரு சோதனையே போதும்.

சமமாக வந்தால் என்ன? இதை ஒருமுறை வரைந்தே பார்க்க வேண்டும். 10 செ.மீ. கோடு போட்டு, ஒரு முனையிலிருந்து 4 செ.மீ., மறுமுனையிலிருந்து 5 செ.மீ. ஆரத்தில் கவராயத்தால் வில் வரையுங்கள். கோட்டின் மேல் இரண்டு விற்களுக்கும் நடுவே 1 செ.மீ. இடைவெளி நிற்கும். 5-ஐ 6 ஆக்கினால் விற்கள் தொட்டுக்கொள்ளும், ஆனால் தொடும் புள்ளி அந்தக் கோட்டின் மேலேயே இருக்கும். உச்சி மேலே எழவே இல்லை, பரப்பளவு பூஜ்யம். 7 ஆக்கினால்தான் விற்கள் கோட்டுக்கு மேலே வெட்டிக்கொள்கின்றன. ஆகவே ‘அதிகம் அல்லது சமம்’ என்று எழுதக் கூடாது, ‘அதிகம்’ மட்டும்தான்.

அதிகம் பேர் விட்டுவிடுவது கீழ் எல்லையை. 5, 8 தெரியும், மூன்றாவது பக்கம் என்னவாக இருக்கலாம் என்றால், 13-க்குக் குறைவு என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அப்படியானால் 2 வருமா? 5 + 2 = 7, அது 8-ஐ எட்டாது. மூன்றாவது பக்கம் வித்தியாசத்தைவிடப் பெரிதாகவும் கூட்டுத்தொகையைவிடச் சிறிதாகவும் இருக்க வேண்டும்: 3-க்கும் 13-க்கும் இடையில். முழு எண்கள் எத்தனை என்று கேட்டால் 13 − 3 = 10 என்று சொல்லிவிடாதீர்கள். இரு முனைகளும் சேராது. 4 முதல் 12 வரை 9 எண்கள்தான்.

பக்கங்கள் தெரியாத எண்களில் இருந்தால் குறுக்குவழி உதவாது, எது பெரிய பக்கம் என்றே தெரியாதல்லவா? பக்கங்கள் க, 2க, 9 என்று வைத்துக்கொள்வோம். க + 2க > 9 என்பதிலிருந்து க > 3. அதோடு நிறுத்தினால் பாதி விடைதான். க + 9 > 2க என்பதிலிருந்து க < 9 என்றும் வருகிறது. மூன்றாவது நிபந்தனை தானாகவே உண்மை. இங்கே மூன்றையும் எழுதியே ஆக வேண்டும்.

இருசமபக்க முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் 4, 9 என்றால் சுற்றளவு 17 அல்லது 22 என்று இரண்டு விடை எழுதுவதும் தவறு. 4, 4, 9 மூடாது; விடை 22 மட்டும். அதே கேள்வி 5, 8 என்று வந்தால் 18, 21 இரண்டுமே சரி.

தோராயமாக்குவதிலும் கவனம் தேவை. 2.5, 4.6, 7.1 ஆகிய அளவுகளில் முக்கோணம் அமையாது, 2.5 + 4.6 சரியாக 7.1. முழு எண்ணாக்கினால் 3, 5, 7 ஆகி, இல்லாத முக்கோணம் இருப்பதுபோலத் தெரியும். சோதித்த பிறகே தோராயமாக்குங்கள். அலகுகளையும் அதற்கு முன்பே ஒன்றாக்கிவிடுங்கள்.

பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம் என்பது உண்மை. கோணம் இரட்டித்தால் பக்கமும் இரட்டிக்கும் என்பது உண்மையல்ல. 30°, 60°, 90° முக்கோணத்தில் 30°-க்கு எதிரே 1 என்றால், 60°-க்கு எதிரே சுமார் 1.732, 90°-க்கு எதிரே 2.

வர்க்கங்களை ஒப்பிட்டுக் கோண வகை சொல்லும்போதும் முதலில் முக்கோணம் உண்டா என்று பாருங்கள். 4, 5, 7-இல் 16 + 25 = 41, அது 49-ஐவிடக் குறைவு; விரிகோண முக்கோணம். 2, 3, 6-இலும் 4 + 9 = 13, அது 36-ஐவிடக் குறைவு. ஆனால் அங்கே விரிகோணமும் இல்லை, முக்கோணமும் இல்லை.