பெயருக்குப் பின்னால் நிற்கும் அடைப்புக்குறி

மட்டக்களப்பு வாவியில் பிடிபடும் கொடுவா மீனின் விஞ்ஞானப் பெயரை நூல்களில் தேடும் மாணவர்கள், 'லேட்டஸ் கல்காரிஃபர் (புளோக், 1790)' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு அந்த அடைப்புக்குறியை வெறும் அலங்காரமாக எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். அது ஒரு தகவல். அதற்குள் இருப்பது முதலில் பெயரிட்டவரின் பெயரும் ஆண்டும். அவர் அந்த விலங்கை வேறொரு சாதியில், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியில், வைத்திருந்தார், பின்னர் அது இன்றைய சாதிக்கு மாற்றப்பட்டது என்பதே அடைப்புக்குறியின் பொருள். புளோக் கொடுவாவை 'ஹோலோசென்ட்ரஸ்' என்ற சாதியில் வைத்திருந்தார். ஆகவே பழைய நூல்களைப் புரட்டும்போது அந்தப் பெயரிலும் தேடுங்கள்.

லாகுகலைக் காட்டு யானையின் பெயரான 'எலிஃபஸ் மெக்ஸிமஸ் லின்னேயஸ், 1758' என்பதில் அடைப்புக்குறி இல்லை. லின்னேயஸ் வைத்த சாதி இன்றும் மாறவில்லை.

சில பட்டியல்களில் பெயரின் முன் சிறிய குத்துவாள் போன்ற குறி இருந்தால், அந்த இனம் அற்றுப்போய்விட்டது என்று கொள்ளுங்கள். குருவிட்டையில் கிடைத்த பற்களைக் கொண்டு விலங்கியலாளர் தெரணியகல 1939 இல் 'பந்தேரா லியோ சின்ஹலேயஸ்' என்று பெயரிட்ட இலங்கைச் சிங்கத்துக்கு அந்தக் குறி பொருந்தும். மூன்றாவது சொல் உப இனத்தைக் குறிக்கும்.

கையால் எழுதும்போது சாதிப் பெயரையும் இனப் பெயரையும் தனித்தனியாக அடிக்கோடிடுங்கள். இலத்தீன் எழுத்தில் சாதியின் முதலெழுத்து மட்டுமே பெரியது. இந்திய நூல்களில் 'பேரினம்', 'சிற்றினம்' என்றிருந்தால் குழம்ப வேண்டாம், நம் இலங்கைப் பாடநூலின் சாதியும் இனமும் அவைதாம்.