குவாடலூப் பள்ளத்தாக்கில் புது ஒயின் ஆலையைக் கண்டுபிடிக்க

மெக்சிகோவின் என்செனாடாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது குவாடலூப் பள்ளத்தாக்கு. அனுபவசாலிகள் புதிதாகத் தொடங்கும் சின்ன ஒயின் ஆலைகள் சட்டென்று கண்ணில் படாது. தார்ச்சாலையை விட்டு இறங்கினால் புழுதி மண்பாதைதான். மேப்பை மட்டும் நம்பாமல், ஊரில் ஒயின் தொழிலில் பழுத்தவர்களிடம் விசாரியுங்கள். 1997-இல் காசா தே பியெத்ரா ஒயின் ஆலையைத் தொடங்கிய ஊகோ தகோஸ்தா, இதே பள்ளத்தாக்கிலுள்ள எல் போர்வெனிர் ஊரில் ஒயின் தயாரிக்கக் கற்றுத்தரும் 'லா எஸ்குவெலிதா'வையும் உருவாக்கினார். சுவரிலேயே பழைய பாட்டில்களைப் பதித்த விசித்திரமான கட்டடம், அதைப் பார்க்கவே போகலாம். அங்கே கற்றவர்கள் பலர் சொந்தமாக ஒயின் தயாரிக்கிறார்கள். யார் புதிதாக எங்கே இறங்கியிருக்கிறார் என்பது இவர்கள் காதுக்குத்தான் முதலில் வரும்.

இடம் தெரிந்ததும் முன்பதிவு செய்துவிடுங்கள். ஆகஸ்டில் அறுவடைத் திருவிழா, கூட்டம் நெரியும். மற்ற மாதங்களில் வார நாளாகப் பார்த்துப் போனால் தயாரிப்பாளரே பேசக் கிடைப்பார். மழை குறைவு, நிலத்தடி நீரில் உப்பு அதிகம். அதனால் இங்கே சில சிவப்பு ஒயின்களில் லேசாக உப்புக் கரிக்கும். அதை எப்படிச் சமாளிக்கிறார் என்று கேளுங்கள். கைதேர்ந்தவர் யாரென்று பதிலிலேயே தெரிந்துவிடும். அப்புறம், வண்டிக்கு டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள்.