பல் பிடுங்கிய பிறகு செய்யக்கூடாதவை

பல்லைப் பிடுங்கிய குழியில் இரத்தம் உறைந்து கட்டியாக நிற்கும். உள்ளே இருக்கும் எலும்பையும் நரம்பையும் மூடிக் காப்பது அதுதான். முதல் மூன்று நாளில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அந்தக் கட்டியைக் கலைத்துவிடுகிறவை.

வைத்தியர் வைத்த பஞ்சை அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். உறையத் தொடங்கிய இரத்தமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். 30 முதல் 45 நிமிடம் வரை அழுத்திக் கடித்தபடியே இருங்கள். ஹட்டனிலோ பதுளையிலோ பல்லைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸில் தோட்டத்துக்குத் திரும்பும்போது வழியெல்லாம் துப்பிக்கொண்டு வருவதும் கூடாது. துப்பும் இழுப்பில் கட்டி பெயர்ந்துவிடும். ஸ்ட்ரோவில் உறிஞ்சினாலும் பீடி இழுத்தாலும் அதேதான். எச்சில் ஒரு நாள் வரை இளஞ்சிவப்பாக வருவது வழமை, விழுங்கிவிடலாம்.

குளிருக்குச் சுடச்சுட பிளேன்டீ அன்று வேண்டாம், ஆறவைத்துக் குடியுங்கள். சூடு பட்டால் இரத்தம் மறுபடி கசியும். ஊசி போட்ட விறைப்பு இரண்டு மூன்று மணி நேரம் இருப்பதால் வாய் வெந்தாலும் தெரியாது. கசிவு நிற்காவிட்டால், நனைத்துப் பிழிந்த தேயிலைப் பையை அந்த இடத்தில் வைத்து 30 நிமிடம் கடியுங்கள். தேயிலையில் உள்ள டனின் இரத்தம் உறைய உதவும்.

உப்புத் தண்ணீர் நல்லதுதான், ஆனால் 24 மணி நேரம் கழித்து. ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. வேகமாகக் கொப்பளிக்காமல் தலையை இருபக்கமும் சாய்த்து, நீரைத் தானாக வெளியே விழவிடுங்கள். சாப்பிட்ட பிறகெல்லாம் இப்படிச் செய்யலாம்.

அன்றும் மறுநாளும் மலைக்குப் போகாதீர்கள். கொழுந்துச் சுமையோடு குனிந்து ஏறினால் இரத்த அழுத்தம் கூடிக் கசியும். ஒரு நாள் பேர் (நாட்சம்பளம்) போவது கஷ்டம்தான், காயம் கெட்டால் ஒரு வாரமே போய்விடலாம். வெற்றிலையை ஒரு வாரமாவது விடுங்கள். சுண்ணாம்பு புண்ணை எரிக்கும், பாக்குத்தூள் குழிக்குள் போய் அடையும்.

வலிக்கு, விறைப்பு விடுவதற்கு முன்பே 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு, பிறகு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. பெரியவர்களுக்கு ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. ஈரல் நோய் உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். வலிக்காக அஸ்பிரின் வேண்டாம், கசிவைக் கூட்டும். அதைப் பொடித்து ஈறில் வைத்தால் ஈறு வெந்துபோகும். இதய நோய்க்கு வைத்தியர் கொடுத்த குளிசையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

குறைந்துவந்த வலி இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் திடீரெனக் கூடி, காதுவரை இழுத்து, வாயும் நாறினால் கட்டி போய் எலும்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம். வீட்டில் மிஞ்சிய அன்டிபயோட்டிக் இதைத் தீர்க்காது. பல் வைத்தியர் குழியைக் கழுவி மருந்து வைத்தால்தான் வலி அடங்கும்.

இரண்டு தடவை கடித்தும் இரத்தம் நிற்காவிட்டாலும், காய்ச்சலோடு வாய் திறக்க முடியாமல் போனாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். நாடிக்குக் கீழே வீங்கி விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானால் விடியும்வரை காத்திருக்காமல் 1990 இலவச அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.