லைப்போ பேட்டரி: மொத்த வோல்ட்டை நம்பாதீர்கள், ஒவ்வொரு செல்லாக அளந்து பாருங்கள்

என் ரேடியோ கண்ட்ரோல் ட்ரெய்னர் விமானம் (ஓட்டிப் பழகுவதற்கான மாதிரி விமானம்) ஒருநாள் நான்காவது நிமிடத்தில் மோட்டார் நின்று கருவேலம் புதரில் விழுந்தது. இறக்கை இரண்டாகப் போயிற்று. அதன் மூன்று செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை அளந்தால் 10.7 வோல்ட். ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று தோன்றும். செல் வாரியாகப் பார்த்தபோதுதான் புரிந்தது: 3.8, 3.8, 3.1. ஒரே ஒரு செல் படுத்துவிட்டது.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. முதலில், மோட்டார் முழு த்ராட்டிலில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று வாட்மீட்டர் வைத்துப் பார்த்துவிடுவேன். என் விமானத்துக்கு 28. 3எஸ் (மூன்று செல் தொடராக இணைத்த) 2200 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) பேட்டரிக்கு அது ஏறத்தாழ 13சி, அதாவது கொள்ளளவு எண்ணான 2.2ஐப்போல் 13 மடங்கு ஆம்பியர். உறையில் இருக்கும் சி எண்ணைக் கூட்டிப் போடுவது சகஜம் என்பதால் 30சி அல்லது 35சி வாங்குகிறேன். உறையில் 100சி என்று இருந்து, எடை மட்டும் 30சி பேட்டரி அளவுக்கே இருந்தால் வாங்காதீர்கள். அதிகக் கரண்ட் தரும் பேட்டரி கனமாகத்தான் இருக்கும்.

புதிதாக வந்ததை 2.2 ஆம்பியரில், அதாவது 1சியில், பேலன்ஸ் சார்ஜ் (எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றும் முறை) செய்து செல்லுக்கு 4.2 வோல்ட் வரை ஏற்றுங்கள். பக்கத்திலேயே இருங்கள். சூடு ஆறியபின் சார்ஜரில் உள்மின்தடையைப் பாருங்கள். எனக்கு நல்ல செல்கள் 4 முதல் 6 மில்லி ஓம் காட்டும். சார்ஜருக்குச் சார்ஜர் எண் மாறும், குளிரில் கூடும். அதனால் எப்போதும் ஒரே சார்ஜரில், ஒரே வெப்பநிலையில் பாருங்கள். எண்ணைவிட செல்களுக்குள் இருக்கும் வித்தியாசம்தான் முக்கியம். ஒன்று மட்டும் மற்றதைப்போல் இரண்டு மடங்கு காட்டினால் அன்றே கடைக்குத் திருப்பிவிடுங்கள்.

அடுத்து தரையில் சோதனை. வாலைக் கட்டி, ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் நின்று, 20 விநாடி முழு த்ராட்டில். பேலன்ஸ் வயரில் செல் மீட்டர் இருக்கட்டும். முழு சார்ஜில் எந்தச் செல்லாவது 3.5க்குக் கீழே இறங்கினால் அதைப் பறக்கவிட வேண்டாம்.

பறந்து வந்தபின் சார்ஜர் எத்தனை எம்ஏஎச் திருப்பி ஏற்றுகிறது என்று பாருங்கள். 1760ஐ (2200இல் 80 சதவீதம்) தாண்டினால் டைமரைக் குறையுங்கள். அன்று பறக்கவில்லையென்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்கு இறக்கி வையுங்கள். முழு சார்ஜோடு வெயிலில் காருக்குள் விட்ட ஒரு பேட்டரி எனக்கு உப்பிப் போனது. உப்பியதை மறுபடி சார்ஜில் போடவே கூடாது.

ஒவ்வொரு பேட்டரிக்கும் எண் எழுதி ஒட்டி, மாதம் ஒருமுறை மில்லி ஓம் குறித்துவைக்கிறேன். இப்போது 3ஆம் எண் பேட்டரியின் நடுச் செல் 11 காட்டுகிறது. அதைத் தரையில் சர்வோ (இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்) சரிபார்க்க மட்டும் வைத்திருக்கிறேன்.