கதிர்க்குருவிகளைக் காதால் பிரித்தறிவது எப்படி? டர்பன் வாசிகளுக்கு

டர்பனில் புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்கள் சோர்ந்துபோவது கதிர்க்குருவிகளிடம்தான். பாதிக்கு மேல் பழுப்பு நிறம், உள்ளங்கைக்குள் அடங்கும் உருவம், ஓரிடத்தில் நிற்கவும் நிற்காது. கண்ணை விட்டுவிட்டுக் காதைப் பிடியுங்கள். ஆங்கிலப் பெயரே அதைத்தான் சொல்கிறது: 'வார்ப்ளர்' என்றால் குரலை உருட்டி உருட்டிப் பாடுவது, நம் கச்சேரியில் பிருகா என்போமே, அது.

கருவி விஷயத்தில் என் கட்சி இதுதான்: எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர். பத்து மடங்கு வேண்டாம், புல்லுக்குள் தேடிப் பிடிப்பதற்குள் குருவி போய்விடும். பெயரைத் தானே சொல்லிவிடும் செயலிகளை ஆரம்பத்தில் தொடாதீர்கள், காது பழகாது. போனில் சாதாரண ஒலிப்பதிவு போதும். வீட்டுக்கு வந்து, பறவைக் குரல்களைச் சேர்த்துவைக்கும் சேனோ-கான்டோ இணையதளத்தில் இருக்கும் குவாசூலு-நட்டால் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். காட்டில் பதிவை ஒலிக்கவிட்டுக் குருவியை வரவழைக்கவே கூடாது. கூடு கட்டும் நேரத்தில் அதற்கு அது பெரிய தொல்லை.

1. அக்டோபரிலிருந்து பிப்ரவரிக்குள், காற்று எழுவதற்கு முன் போய்விடுங்கள். புல்லும் புதரும் கலந்த இடம் வேண்டும். சாட்ஸ்வொர்த் பக்கம் இருப்பவர்களுக்கு சில்வர்கிளென் கிட்ட.

2. கதிர்க்குருவிகளில் சிஸ்டிகோலா என்ற வகையில் தொடங்குங்கள். ஆப்பிரிக்கான்ஸில் 'டிங்க்டிங்கி' என்பார்கள். முதலில் ஜிட்டிங் சிஸ்டிகோலா. புல்லுக்கு மேலே அலை அலையாகப் பறக்கும், அலைக்கு ஒரு 'ஜிட்'. ஒரு காலையிலேயே பிடிபட்டுவிடும்.

3. அதிக நேரம் எடுக்கும் கட்டம் இதுதான்: ராட்லிங் சிஸ்டிகோலாவா, குரோக்கிங் சிஸ்டிகோலாவா? ஒன்றின் பெயருக்குக் கடகடப்பது என்று பொருள், மற்றதற்குத் தவளை போலக் கரகரப்பது. தூரத்தில் இரண்டும் ஒரே கரகரப்பாகத்தான் கேட்கும். கரகரப்பைக் கவனிக்காதீர்கள், அதற்கு முன்னால் என்ன வருகிறது என்று கேளுங்கள். ராட்லிங் 'சீ-சீ-சீ' என்று இரண்டு மூன்று தெளிவான சுரம் வைத்துவிட்டுத்தான் 'ட்ர்ர்ர்' என்று இறங்கும். பெரும்பாலும் முள்மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். குரோக்கிங்குக்கு அந்த முன்னுரை கிடையாது, எடுத்த எடுப்பிலேயே 'க்ர்ர்ப்'. உயரமான புல்லின் நுனியிலிருந்தோ அதற்குச் சற்று மேலே பறந்தபடியோ கத்தும். கிட்டே வந்தால் அலகைப் பாருங்கள், தடித்து வளைந்திருக்கும். நம்ம ஊர்ப் பறவைதான் இது: 1843-இல் விலங்கியலாளர் ஆண்ட்ரூ ஸ்மித் வைத்த அறிவியல் பெயர் 'நட்டாலென்சிஸ்'.

4. அப்புறம் வீட்டுத் தோட்டம். அடர்ந்த புதருக்குள் ஆட்டுக்குட்டி கத்தினால் அது பச்சைமுதுகு கமரோப்டெரா. முன்பு இதை 'பிளீட்டிங் வார்ப்ளர்' என்றுதான் எழுதினார்கள். சிலந்தி நூலால் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும், நம் தையல்சிட்டு மாதிரியே.

பழைய கையேடுகளில் இவை எல்லாம் ஒரே குடும்பம். மரபணு ஆய்வுக்குப் பிறகு பல குடும்பங்களாகப் பிரித்துவிட்டார்கள். குழம்பாதீர்கள், குரல் மாறவில்லை.

பின்சேர்க்கை: ரிசர்வாயர் ஹில்ஸிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார்: "தோட்டத்துப் பறவை எல்லாம் ஒரே புதருக்குள் கத்துகிறது, ஆனால் உள்ளே ஒரு குருவிதான் இருக்கிறது, எப்படி?" அது மார்ஷ் வார்ப்ளராக இருக்கலாம். ஐரோப்பாவில் குஞ்சு பொரித்துவிட்டு டிசம்பர் வாக்கில் இங்கே வரும். 1979-இல் பறவை ஆய்வாளர் டௌசெட்-லெமெய்ர் வெளியிட்ட ஆய்வின்படி இந்த இனம் 212 வகைப் பறவைகளின் குரலைப் போலி செய்கிறது. அதில் 113 ஆப்பிரிக்கப் பறவைகள். ஒரு ஆண் குருவி மட்டுமே சராசரியாக 76 வகைப் பறவைகளின் குரல் வைத்திருக்கும். அக்கா, ஒரே இடத்திலிருந்து, மூச்சு விடாமல், குரலுக்குக் குரல் தாவிக்கொண்டே போனால் அதுதான். சில நிமிடம் பதிவு செய்து வையுங்கள், எந்தெந்தப் பறவை என்று சேர்ந்து பிரித்துப் பார்க்கலாம்.