பழைய கச்சேரி கேசட்டும் ‘நானும் அங்கே இருந்தேன்’ பேச்சும்

1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பங்க் ராக் பேண்டான செக்ஸ் பிஸ்டல்ஸ் வாசித்தபோது கேட்க வந்தவர்கள் சில டஜன் பேர்தான். ‘நானும் அங்கே இருந்தேன்’ என்று பிற்பாடு சொன்னவர்களையெல்லாம் கூட்டினால் அந்த மண்டபம் கொள்ளாது. அத்தனை பேரும் புளுகுகிறார்கள் என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. அதே பேண்ட் ஜூலை 20 அன்று அதே மண்டபத்தில் மறுபடி வாசித்தது; கூட்டமும் அதிகம். பலர் அந்த இரண்டு ராத்திரிகளையும் ஒன்றாக்கிக்கொண்டார்கள். பிரித்தறிய ஒரு வழி உண்டு. முதல் கச்சேரியை ஏற்பாடு செய்த ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி இருவரின் பஸ்காக்ஸ் குழு ஜூலையில்தான் உடன் வாசித்தது. ‘பஸ்காக்ஸையும் பார்த்தேன்’ என்பவர் ஜூலைக்குப் போனவர்.

புதுச்சேரியில் பழைய கச்சேரிகளைப் பற்றி விசாரிக்கும்போதும் இப்படித்தான் பிரித்தறிய வேண்டியிருக்கும். ஜூன் 21 இசைத் திருவிழாவில் தெருவோரம் வாசித்த ஒரு பேண்டின் ஆரம்பக் கச்சேரியைப் பற்றி விசாரிக்கிறீர்கள் என்று வையுங்கள். ‘எந்த வருஷம்?’ என்று கேட்காதீர்கள், வாய்க்கு வந்த வருஷத்தைச் சொல்வார்கள். ‘தானே புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?’ என்று கேளுங்கள். 2011 டிசம்பர் 30 இந்தப் பக்கம் யாருக்கும் மறக்காது. இன்னொன்று, அந்தக் கச்சேரியைப் பதிவுசெய்த கேசட்டைப் போட்டுக் காட்டிவிட்டு நினைவைக் கேட்கக் கூடாது. கேட்ட பாட்டெல்லாம் அவர் பார்த்த பாட்டாகிவிடும். முதலில் பேசவிட்டுக் குறித்துக்கொண்டு, அப்புறம் கேசட்டைப் போடுங்கள்.

பலர் ஒரே கதையைச் சொன்னால் உண்மை என்று நம்புவதும் ஆபத்து. 1976 ஜூலை 4 அன்று லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் ரமோன்ஸ் என்ற அமெரிக்க பங்க் பேண்ட் வாசித்ததை லண்டன் பங்க் பேண்டான கிளாஷ் குழுவினர் பார்த்ததாக ஒரு கதை உலாவுகிறது. ஆனால் அதே ராத்திரி கிளாஷ் வேறு ஊரான ஷெஃபீல்டில் தங்கள் முதல் கச்சேரியை வாசித்துக்கொண்டிருந்தது.

சரி, கேசட்டுக்கு வருவோம். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியதை வந்ததும் டெக்கில் சொருகாதீர்கள். நம் கடற்கரை ஈரத்தில் டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும். அது டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். பின்பக்கத்துச் சின்னப் பிளாஸ்டிக் தடுப்பை உடைத்துவிட்டால் தவறுதலாக அழிக்கவும் முடியாது. கணினியில் ஏற்றும்போது நேராக எம்பி3 ஆக்குவது சோம்பேறித்தனம். சுருக்காத வேவ் கோப்பாக வைத்துக்கொண்டு, பகிர மட்டும் எம்பி3 எடுங்கள்.

நிறையப் பேர் கோட்டைவிடுவது வேகத்தில். பழைய ரெக்கார்டர் மெதுவாக ஓடியிருந்தால் இன்றைய டெக்கில் பாட்டு வேகமாகவும் உச்சமாகவும் கேட்கும். ‘ஆரம்ப காலத்தில் பயங்கர வேகம்!’ என்று ரசிகர்கள் சிலாகிப்பதில் பாதி இதுதான் என்பது என் சந்தேகம். ஆம்ப்ளிஃபயரின் மின்சார முனகலைக் கவனியுங்கள். இந்தியாவிலும் இங்கிலாந்திலும் அது 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் பார்க்கும்போது 50 இருக்க வேண்டிய இடத்தில் 53 தெரிந்தால் பதிவு சுமார் 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது, அதாவது ஏறக்குறைய அரைச் சுரம் கூடிவிட்டது. அளந்த பிறகுதான் முனகலை நீக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். முதலிலேயே நீக்கினால் அளக்க எதுவும் மிஞ்சாது.

கூட்டத்தின் சத்தத்தைத் துடைத்துவிடாதீர்கள். எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கக் கைதட்டல்தான் கிடைக்கும் ஒரே தடயம். 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம்தான். திருப்பிப் போட்ட இடத்தில் பாட்டு அறுந்திருக்கும். அதை வேறொரு பதிவால் ஒட்டி மறைப்பவர்களை நான் நம்புவதில்லை.

இணையத்தில் ஏற்றுமுன் வாசித்தவர்களிடம் கேளுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி நிகழ்த்துநருக்கு 50 ஆண்டு உரிமை உண்டு. கேட்கப் போன இடத்தில் டிரம்மர் வீட்டுப் பரணிலிருந்து இன்னொரு கேசட் இறங்கினாலும் இறங்கும்.