‘ப்ரில்’ என்று முடியும் பிரஷர் மாத்திரை: முதல் நாளிலிருந்து எப்படிச் சாப்பிடுவது?

அப்பாவுக்கு எனலாப்ரில் எழுதிக்கொடுத்த மூன்றாவது வாரம் வறட்டு இருமல் ஆரம்பித்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, ராத்திரியில் மட்டும் தொண்டையில் ஏதோ ஊர்வது மாதிரி இருமல். இரண்டு பாட்டில் சிரப், ஒரு மாதம் ஆடாதோடைக் கஷாயம், கடைசியில் நெஞ்சு எக்ஸ்ரே. எல்லாம் ஆன பிறகு தெருமுனை மெடிக்கலில் இருந்த அக்கா கேட்டார்: “பிரஷருக்கு என்ன மாத்திரை போடுறார்?” டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றினோம். இரண்டு வாரத்தில் இருமல் நின்றது.

அதனால் புதிதாக இந்த மாத்திரையைத் தொடங்குகிறவர்களுக்காக, எங்களுக்கு யாரும் சொல்லாததை வரிசையாக எழுதுகிறேன்.

1. அட்டையில் சின்ன எழுத்தைப் படியுங்கள்

பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் பெயர் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் என்று ‘ப்ரில்’ வந்தால் இந்த வகைதான். ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற பொருளை உடம்பில் உருவாக்கும் நொதியை இது தடுக்கிறது. குழாய் தளர்கிறது, அழுத்தம் இறங்குகிறது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்த யோசனை இது. முதல் மாத்திரையான காப்டோப்ரில் 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பது. நொதியைத் தடுத்தால் அது தேங்கும். அப்பாவின் இருமலுக்குக் காரணம் அதுதான்.

2. தொடங்கும் முன் சொல்ல வேண்டியவை

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். முன்பு எப்போதாவது முகமோ உதடோ திடீரென வீங்கியதா, சிறுநீரகக் கோளாறு உண்டா, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, ஏற்கெனவே டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற ‘சார்டன்’ என்று முடியும் பிரஷர் மாத்திரை இருக்கிறதா என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். ப்ரில்லையும் சார்டனையும் வழக்கமாகச் சேர்த்துக் கொடுப்பதில்லை. இரண்டு டாக்டர்களிடம் போகிறவர்கள் இரண்டு சீட்டுகளையும் ஒரே இடத்தில் காட்டிவிடுங்கள்.

கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்குத் திட்டமிட்டாலோ இந்த மாத்திரை வேண்டாம். வயிற்றில் இருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கர்ப்பகாலத்துக்கு வேறு பிரஷர் மருந்துகள் இருக்கின்றன.

ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் இரண்டையும் தொடங்கும் முன் ஒருமுறையும், தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் இன்னொரு முறையும் பார்ப்பார்கள். இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததுதான். அதைப் பார்த்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

3. முதல் மாத்திரை

முதல் ஒன்றிரண்டு வேளையில் பிரஷர் சட்டென்று இறங்கித் தலை சுற்றலாம், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகமாக. அதனால் முதல் மாத்திரையைப் படுக்கப்போகும்போது போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரவில் பாத்ரூம் போக எழுந்தால் கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். காப்டோப்ரில் என்றால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு. எனலாப்ரிலைச் சாப்பிடும் முன்போ பின்போ எப்படியும் போடலாம்.

ஒருவேளை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டதா, விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது.

4. கூடவே எதைச் சாப்பிடுகிறீர்கள்?

என் கணக்கில் இதுதான் முக்கியமான படி. மூட்டு வலி என்று மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் மாத்திரைகள் பிரஷரையும் ஏற்றும், ப்ரில்லோடு சேர்ந்து சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். நீர் பிரியும் மாத்திரையும் கூட இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பொட்டாசியம். இந்த மாத்திரை அதை உடம்பில் தேக்கிவைக்கும். அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று பாக்கெட்டில் வருவதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பிரஷருக்கு நல்லது என்று நாங்களும் ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருந்தோம்! (இந்துப்புக்கு மாறினால் சரியாகிவிடுமா என்றால், அதுவும் பெரும்பாலும் சாதா உப்புதான்.) இளநீரிலும் பொட்டாசியம் உண்டு. எப்போதாவது ஒன்று குடிப்பதில் சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்குப் பயமில்லை. சிறுநீரகம் பழுதானவர்கள், ஸ்பைரோனோலாக்டோன் (பொட்டாசியத்தைத் தேக்கும் நீர் பிரியும் மாத்திரை) சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

5. வாந்தி, பேதி வந்தால்

உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இந்த மாத்திரை சிறுநீரகத்துக்குச் சுமை. அப்படிப்பட்ட நாட்களில் நிறுத்திவைப்பதா, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை இப்போதே டாக்டரிடம் கேட்டுச் சீட்டின் பின்பக்கம் எழுதிவையுங்கள். பேதி வந்த ராத்திரியில் கேட்க ஆள் கிடைக்காது.

6. வீட்டில் பிரஷர் பார்ப்பது

காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகட்டும். ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்துப் பாருங்கள். ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும். அளவு நார்மலுக்கு வந்தது மாத்திரையால்தான். “சரியாயிடுச்சு” என்று நிறுத்தினால் பழையபடி ஏறும்.

7. இருமலும் வீக்கமும்

வறட்டு இருமல் தொல்லைதான், ஆபத்தில்லை. அடுத்த முறை போகும்போது சொன்னால் மாற்றிக்கொடுப்பார்கள்.

உதடு, நாக்கு, முகம், தொண்டை வீங்குவது அப்படியல்ல. மாத்திரை தொடங்கிப் பல மாதம், சில வருடம் கழித்தும் வரலாம். பேச்சு குழறினாலோ மூச்சு இழுத்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அடுத்த மாத்திரை போடாதீர்கள். ஒருமுறை அப்படி வந்தவர்கள் எந்த ‘ப்ரில்’லையும் மறுபடி தொடக்கூடாது. மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி ஆதார் கார்டோடு பர்ஸில் வையுங்கள்.